பச்சை உடம்புக்காரியின் காதில் விழுவது

சாயங்காலம் நான்கு மணிக்கு வார்டுக் கதவைத் திறந்துவிட்டால் போதும், கட்டிலுக்கு ஐந்தாறு பேர் வந்து நிற்பார்கள். பங்காருபாளையத்திலிருந்து மாம்பழப் பையோடு ஒரு கூட்டம், நகரியிலிருந்து தறியை நிறுத்திவிட்டு வந்த ஒரு கூட்டம், குடிபாலாவிலிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு கூட்டம். ஃபிளாஸ்க்கில் வெந்நீர், தூக்கில் பூண்டுக் குழம்பு, பழைய புடவையைக் கிழித்துத் துவைத்த துணி மூட்டை எல்லாம் வரும். கூடவே பேச்சும் வரும். முதலில் சித்தூரிலும் பிறகு திருப்பதியிலும் பிரசவ வார்டு நர்ஸாக வேலை பார்த்தவள் நான். ரத்தப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் அடுத்தபடியாக நாங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க வேண்டியிருந்தது இந்தப் பேச்சைத்தான்.

எங்கள் பக்கத்தில் அது இரண்டு மொழியில் நடக்கும். 1911இல் பெரும்பாலும் வடஆற்காட்டைப் பிரித்து உண்டாக்கிய மாவட்டம் சித்தூர். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் போனது. கோடு எங்கே போட்டாலும் ஒரே வீட்டில் மாமியார் தெலுங்கு, மருமகள் தமிழ் என்பது எங்களுக்குச் சாதாரணம். மாமியார் தெலுங்கில் ஆரம்பிப்பார். மருமகளுக்கு நன்றாக உறைக்க வேண்டுமென்றால் தமிழுக்கு வந்துவிடுவார்.

அதிகமாகக் காதில் விழுந்த பேச்சு பாலைப் பற்றியதுதான். “பாலு சாலவம்மா.” “பால் பத்தல போலிருக்கே, புள்ள இப்படிக் கத்துது.” “எனக்கெல்லாம் ரெண்டாம் நாளே ரவிக்கை நனைஞ்சிடும், உனக்கு ஒண்ணையும் காணோமே.” சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. மூன்று நான்கு பெற்று வளர்த்தவர்கள், உண்மையான கவலையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டிலில் படுத்திருப்பவளுக்கு உடம்பு முழுக்க வலி, இரண்டு ராத்திரி தூக்கமில்லை, கையில் கிடப்பது அவள் வாழ்க்கையிலேயே தூக்கிய முதல் பச்சைக் குழந்தையாகக்கூட இருக்கலாம். அந்த நேரத்தில் “பால் இல்லை” என்று ஒருவர் சொன்னால் அதை அவள் கருத்தாக எடுத்துக்கொள்வதில்லை. டாக்டர் சொன்ன ரிசல்ட் மாதிரி எடுத்துக்கொள்கிறாள்.

நடப்பது இதுதான். பிரசவமான முதல் இரண்டு மூன்று நாளைக்குச் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அவ்வளவுதான் குழந்தைக்கும் தேவை. பிறந்த அன்று அதன் வயிறு ஒரு வேளைக்குக் கொள்ளுவது ஐந்தாறு மில்லி, அதாவது ஒரு டீஸ்பூனும் கொஞ்சமும். பால் சுரக்க வைப்பது குழந்தை சப்புவதுதான். சப்பச் சப்பத்தான் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும். சுரந்த பாலை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன். இது பயத்துக்கும் வெட்கத்துக்கும் அவமானத்துக்கும் கட்டுப்பட்டது. நாலு பேர் சுற்றி நின்று “இல்லையே, வரலையே” என்று மார்பையே பார்த்துக்கொண்டிருந்தால் அது அடங்கிப்போய்விடும். குழந்தை சப்பும், வராது, கத்தும். “பார்த்தியா, நான் சொன்னேன் இல்ல?” என்பார் அத்தை. சித்தப்பா மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவார். பவுடர் பாலைப் புட்டியில் கரைத்துக் கொடுத்ததும் குழந்தை வயிறு நிறைந்து மூன்று மணி நேரம் தூங்கும். அந்த மூன்று மணி நேரமும் அது சப்பவில்லை என்பதால் மார்பு அதற்கேற்ப சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இப்படியே நான்கைந்து நாள் போனால் உண்மையிலேயே பால் பற்றாமல் போகும். முதல் நாள் வெறும் பேச்சாக இருந்தது எட்டாம் நாள் நிஜமாகிவிடும். தொட்டில் போடும் வீட்டில் எல்லோரும் அத்தையின் அனுபவத்தைப் பாராட்டுவார்கள்.

பலமனேர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் ஞாபகம் இன்னும் இருக்கிறது. தலைப்பிரசவம், மூன்றாம் நாள். மாமியார் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் “பாலே இல்ல, என்ன பண்றதுன்னே தெரியல” என்று முறையிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வயதானவரோடு வாதாடிப் பிரயோஜனமில்லை என்பது இந்த வேலையில் சீக்கிரமே தெரிந்துவிடும். நாம் சொல்லச் சொல்ல அவர்கள் கௌரவம் குறுக்கே வந்து நிற்கும். அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும்.

நான் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடைக் கிண்ணத்தை வெந்நீரில் போட்டு எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மா கையில் கொடுத்தேன். “அவ்வா, இதக் கொஞ்சம் பிடிங்க, எனக்கு ரெண்டு கையும் வேணும்” என்றேன். திரையை இழுத்துவிட்டு அந்தப் பெண்ணை நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். வெதுவெதுப்பான துணியை மார்பில் கொஞ்ச நேரம் வைத்தோம். கருவளையத்தின் ஓரத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எதிரெதிராக வைத்து முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்க்க வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் வலிதான் மிஞ்சும். முதல் நான்கைந்து தடவை ஒன்றும் வரவில்லை. பிறகு காம்பின் நுனியில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. அடுத்தது, அதற்கடுத்தது. பாலாடையின் அடி மறைந்து, மூக்குப் பக்கம் ஏறியது. “இவ்ளோ இருக்குதா?” என்று அந்த அம்மா கேட்டது மருமகளைப் பார்த்துத்தான், என்னைப் பார்த்து இல்லை. அந்தப் பாலை அவரையே புகட்டச் சொன்னேன். குழந்தையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, பாலாடை மூக்கை உதட்டோரத்தில் வைத்து, அது நக்கி விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும். அரைமணி கழித்து அடுத்த கூட்டம் வந்தது. “பால் எல்லாம் இருக்குதா?” என்று யாரோ கேட்க, அந்த அம்மா எழுந்து நின்று, “ஏன் இல்லாம? நானே என் கையால ஊட்டினேன்” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கட்டிலுக்கு என் காவல் தேவைப்படவில்லை.

பால் போதுமா என்று பார்க்க வீட்டிலேயே அளவுகோல் இருக்கிறது. ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு துணிக்குக் குறையாமல் குழந்தை மூத்திரம் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். முதல் சில நாளில் எடை குறைவதும் இயற்கைதான். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிட வேண்டும். மூன்று கிலோவாகப் பிறந்தது இரண்டே முக்காலாக இருப்பதைப் பார்த்து “இளைச்சிடுச்சே, நீ இன்னா பண்றே?” என்று தாயைக் கேட்பவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். புட்டிப்பால் டப்பாக்களை விளம்பரம் செய்வதை 1992ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்திருக்கிறது; டப்பாவின் மேல் குழந்தைப் படம்கூடப் போடக் கூடாது. கட்டிலருகே நின்று உறவினர் செய்யும் சிபாரிசை எந்தச் சட்டத்தாலும் தடுக்க முடியாது. அது நர்ஸ்களும், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களான ஆஷாக்களும் பார்க்க வேண்டிய வேலை.

அடுத்தது பெண் குழந்தை. “இன்னா கொழந்த?” என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் ஒரு நொடி நிறுத்துவார்களே, அந்த நொடியே போதும். இரண்டாவது பெண் என்றால் “மள்ளீ ஆடபில்லேனா, மறுபடியும் பொண்ணா?” என்று வாய்விட்டே கேட்பார்கள். இதையாவது பெண்கள் எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள். நான் பார்த்தவரையில் அதைவிட ஆழமாகக் குத்துவது ஆறுதல். “பரவால்ல விடு, மகாலட்சுமி வந்திருக்கா.” திருப்பதியில் இன்னும் ஒரு படி மேலே போய், “திருச்சானூர்த் தாயாரே உன் வயித்துல வந்து பொறந்திருக்கா, அழாதே” என்பார்கள். அவள் அழவே இல்லை. குழந்தையின் விரல்களைப் பிரித்து நகத்தைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தாள். வந்தவர் ஆறுதல் சொன்ன பிறகுதான், தனக்கு ஏதோ நஷ்டம் நடந்திருக்கிறது போலிருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றுகிறது. ஆண் பிள்ளை பெற்றவளிடம் யாரும் போய் “பரவால்ல விடு” என்று சொன்னதை நான் கேட்டதில்லை. பிறந்த அன்றே ஒரு குழந்தைக்குத் துக்கம் விசாரிக்கிறோம் என்பது பேசுகிறவர்களுக்கு உறைப்பதில்லை. கும்பிடுகிற தெய்வத்தின் பெயரைச் சொல்லிச் சொல்வதால் தாயும் எதிர்த்துப் பேச முடியாமல் தலையாட்டுவாள்.

புருஷன்மார்களுக்கு நான் தவறாமல் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. பெண்ணிடமிருந்து வருவது எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். ஆணிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். “உங்க வீட்டுக்காரி கையில ஒண்ணும் இல்லப்பா, உன் பக்கத்திலேர்ந்து வந்ததுதான்” என்று மாமியார் காதில் விழும்படி வராண்டாவில் வைத்துச் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பரீட்சைக்கும் எழுதியதுதான். ஆனால் பிரசவ வார்டு வாசலில் நிற்கும்போது எல்லோருக்கும் மறந்துவிடுகிறது.

நிறம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் காது மடலைத் திருப்பிப் பார்த்து “இப்ப செவப்பா இருக்கு, போகப் போகக் கறுத்துடும்” என்று ஜோசியம் சொல்வது எல்லா வார்டிலும் நடக்கிறது. “யார் ஜாடை இது, நம்ம வீட்ல யாரும் இப்படி இல்லையே” என்ற கேள்வி அதைவிட மோசம். கேட்பவர் வேடிக்கையாகத்தான் கேட்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிற புருஷனின் முகத்தைப் படுத்திருப்பவள் பார்க்கிறாள் என்பது அவர் கண்ணில் படுவதில்லை.

இதெல்லாம் வீட்டுக்குப் போனதோடு நின்றுவிடுவதும் இல்லை. திருமலையில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையோடு வரும் பெற்றோருக்குச் சுபதம் என்ற நுழைவாசல் வழியாகத் தனியாகத் தரிசனம் உண்டு. எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள் கைக்குழந்தையோடு அங்கே உட்கார்ந்திருப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் குனிந்து, “ஏன் இவ்ளோ சின்னதா இருக்கு? எத்தன மாசம்? தாய்ப்பாலா, புட்டியா? உனக்கு இன்னும் வயிறு இறங்கவே இல்லையே, துணி கட்டலியா?” என்று வரிசையாகக் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். ஒன்பது மாதம் விரிந்த கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஆறு வாரம் ஆகும். வயிற்றுத் தசைக்கு இன்னும் அதிக நாள் வேண்டும். சாமி கும்பிட வந்த இடத்தில் இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் எந்தத் தாய்க்கும் இல்லை.

“நோகாம பெத்துட்டே” என்பது சிசேரியன் ஆனவர்களுக்கு. 2019–21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆந்திராவில் நூறு பிரசவத்தில் 42 சிசேரியன். அத்தனை பேர் இந்த வார்த்தையைக் கேட்கும் வாய்ப்பு இருக்கிறது. தேவையில்லாத அறுவை சிகிச்சைகளும் நடக்கின்றன என்ற விவாதம் வேறு. அதை டாக்டர்களோடும் ஆஸ்பத்திரிகளோடும் நடத்த வேண்டும். தோல், கொழுப்பு, தசையின் உறை, வயிற்றின் உள்ளுறை, கர்ப்பப்பை என்று ஒவ்வொன்றாகத் திறந்து குழந்தையை எடுத்து, திரும்பத் தைத்து அனுப்பப்பட்டவளோடு நடத்தக் கூடாது. மரத்துப்போன கால் திரும்பி வந்ததும் அவளைக் கட்டிலிலிருந்து இறக்குவோம். தும்மல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தருவோம். சிரித்தால் இழுக்கும், இருமினால் இழுக்கும், குழந்தையைத் தூக்கக் குனிந்தால் இழுக்கும். அந்த நிலையிலும் ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுப்பாள். “எங்க காலத்துல பெத்துட்டு மறுநாளே கழனிக்குப் போனோம்” என்று சொல்லும் பாட்டிகளிடம் நான், “அன்னைக்கு உங்க கூடப் பெத்தவங்கள்ல எத்தன பேர் திரும்பி வரல, சொல்லுங்க அவ்வா” என்று கேட்பேன். பாட்டிகள் நேர்மையானவர்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பெயர் பெயராகச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

குழந்தையிடம் ஏதாவது குறை தெரிந்தால் பழி நேராகத் தாயின் மேல் விழும். மூன்றாம் நாள் மஞ்சள் பூத்தால் “என்ன தின்னுத் தொலைச்சே?” என்பார்கள். பிறந்த குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது வரும் மஞ்சள் நிறப் பொருளைக் கழிக்க ஈரலுக்குச் சில நாள் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு வந்து தானே போகும். முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். தாய் சாப்பிட்ட சாம்பாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உதடு பிளந்து பிறந்த குழந்தையின் தாயைக் கேட்பது வேறு. “கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தியா? கத்தி எடுத்தியா?” திருமலைக் கோயிலே நடை சாத்தும் நாள் என்பதால் கிரகணத்துக்கு எங்கள் ஊரில் தனி பயம் உண்டு. கர்ப்பிணியை அறையில் வைத்துப் பூட்டும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. ஒரு தாய் என்னிடம், “அன்னைக்கு ஜன்னல் கிட்ட போய் நின்னேன் சிஸ்டர், அதனாலதானா?” என்று கேட்டாள். அவளுக்கு அப்போது எட்டாம் மாதம் நடந்திருக்கிறது. நான் கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். குழந்தையின் உதடு சேர்வது கருவுற்ற நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அவளுக்கே சந்தேகம் வருகிற சமயம் அது. சேராத உதடு எட்டாம் மாதக் கிரகணத்துக்கு வெகு நாள் முன்பே சேராமல் இருந்திருக்கிறது. “அப்ப நான் பண்ணல?” என்றாள். “நீ பண்ணலம்மா.” இதையே அவள் புருஷனுக்கும், அவன் அம்மாவுக்கும், கடைசியில் அவர்கள் ஊரிலிருந்து வந்த சாஸ்திரம் தெரிந்த பெரியவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு மேல் எடை ஏறியதும் உதட்டைச் சேர்த்துத் தைத்துவிடலாம், இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன என்பதைச் சொன்னதும் பேச்சு கிரகணத்தை விட்டு, எப்போது கூட்டிப்போக வேண்டும் என்பதற்குத் திரும்பியது. தெரிந்த ஒரு தேதியைக் கொடுத்துவிட்டால் மனிதர்கள் பழி தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எடை குறைந்து பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் குழந்தைகளின் தாய்மார்கள் பாடு தனி. இரண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தாலே எடை குறைவு. ஒன்றே கால், ஒன்றரை கிலோ என்று இருக்கும் குழந்தைகளின் தாய்மார்கள் வாரக்கணக்கில் வராண்டாவில் படுத்திருப்பார்கள். அவர்களிடம் வந்து “பொழைக்குமா?” என்று கேட்பார்கள். “எலிக்குஞ்சு மாதிரி இருக்கே” என்பார்கள். “எதுக்கு இவ்ளோ செலவு” என்றுகூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கங்காரு முறையில் குழந்தையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகக் கட்டி வைக்கும்போது அந்தப் பேச்சுக்காரர்களையே கூப்பிட்டு, “நீங்க ஒரு மணி நேரம் வச்சிருங்க, அவ சாப்பிட்டு வரட்டும்” என்பேன். தாய்தான் என்றில்லை, அப்பா, பாட்டி, சித்தி யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். நெஞ்சில் அந்த மூச்சு ஏறி இறங்குவதை ஒரு மணி நேரம் உணர்ந்த யாரும் மறுநாள் “பொழைக்குமா?” என்று கேட்டதில்லை. “எத்தன கிராம் ஏறியிருக்கு?” என்றுதான் கேட்டார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டுமா, காலங்காலமாக எல்லோரும் கேட்டுக்கொண்டுதானே வந்தார்கள் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வேலூர். அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிறகும் பார்த்து 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு நோய் வந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர். எது அதற்கு வழி வைத்தது என்று பார்த்தபோது வறுமை, உடம்புக்கு ஒத்தாசை செய்ய ஆளில்லாமை இவற்றோடு இன்னும் இரண்டு கிடைத்தன: பையனை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் சரியில்லாத உறவு. நான் கட்டிலருகே கேட்டுக்கொண்டிருந்த பேச்சு முழுக்க இந்த இரண்டு இடத்திலிருந்துதான் வந்தது. எங்கள் ஜனங்களும் அவர்களும் ஒரே ஜனங்கள், கொண்டும் கொடுத்தும் பழகியவர்கள். அதே வருஷம் வெளியான, கோவாவில் செய்த இன்னொரு ஆய்விலும் பெண் குழந்தை பிறப்பும் வீட்டுச் சண்டையும் பட்டினியும் காரணங்களாக வந்தன.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கும். இரண்டு வாரத்தில் தானே அடங்கும். அந்த அழுகையைப் பார்த்துத்தான் “நல்ல நாளும் அதுவுமா ஏன் மூக்கைச் சிந்தறே, புள்ளைக்கு ஆகாது” என்று அதட்டுகிறோம். அடங்காமல் நீண்டு, தூங்கக் கிடைத்த நேரத்திலும் தூக்கம் வராமல், குழந்தையைத் தொடவே மனசில்லாமல், “நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி” என்று பேச ஆரம்பித்தால் அது நோய். மருந்து உண்டு, சரியாகும். 14416 என்ற டெலி மனஸ் எண்ணை 2022லிருந்து அரசாங்கம் இலவசமாக நடத்துகிறது; தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மருந்துகளும் இருக்கின்றன, அதனால் பாலை நிறுத்த வேண்டுமே என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கத் தேவையில்லை.

எங்கள் பக்கம் இருந்து வரும் பேச்சையும் நான் மறைக்கப் போவதில்லை. பிரசவ அறையில் வலியில் கத்துகிற பெண்ணிடம் நர்ஸ்களும் ஆயாக்களும் சொல்லும் ஒரு வாக்கியம் இந்த நாட்டில் எல்லா மொழியிலும் இருக்கிறது: “அன்னைக்கு நல்லா இருந்துச்சு, இன்னைக்கு மட்டும் கத்துறியா?” நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதைத் தினமும் கேட்டேன். சொன்னவர்கள் என்னைவிட மூத்தவர்கள், கைத்திறமையில் குறை சொல்ல முடியாதவர்கள். பிரசவம் பார்த்துவிட்டுப் போகும் அவர்கள் கையை அந்தப் பெண்கள் மறந்துவிடுகிறார்கள், வாக்கியத்தை மறப்பதில்லை. இரண்டாவது பிரசவத்துக்கு வந்த ஒருத்தி, “முதல் தடவை ஒரு அக்கா அப்படிச் சொன்னாங்க, இந்தத் தடவை கத்தாம இருக்கறேன் சிஸ்டர்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பிரசவத்தின்போது பெண்களை அவமதிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2014இல் கண்டித்து அறிக்கை விட்டது; 2017இல் வந்த ‘லக்‌ஷ்யா’ திட்டம் பிரசவ அறையில் மரியாதையாக நடத்துவதையும் தரத்தில் ஒன்றாகச் சேர்த்தது. கூட ஒரு பெண் துணை இருக்கட்டும் என்று அனுமதித்த பிறகு நிலைமை நிறையவே மாறியிருக்கிறது. அம்மாவோ அக்காவோ பக்கத்தில் நிற்கும்போது யாருக்கும் அந்த வாக்கியம் வாயில் வருவதில்லை.

குழந்தை தவறிப்போன தாய்க்கு எதுவும் சொல்லத் தெரியாமல் ஜனங்கள் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன். “சின்ன வயசுதானே, அடுத்த வருஷமே இன்னொண்ணு.” “வளர்ந்து போறதுக்கு இப்பவே போனது நல்லது.” “பெருமாள் எடுத்துக்கிட்டார்.” இன்னொன்று பிறந்தாலும் அது இன்னொன்றுதான். அவளுக்கு மூன்றாம் நாள் பால் கட்டும் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மார்பு கனத்து வலிக்கும், துணி நனையும், பக்கத்துக் கட்டிலில் குழந்தை அழுதால் இவளுக்குச் சுரக்கும். முடிந்தபோதெல்லாம் அவர்கள் கட்டிலை வார்டின் வேறு பக்கத்துக்கு மாற்றுவோம். இறுக்கமான உள்ளாடை, குளிர்ந்த துணி, வலி மாத்திரை, தாங்க முடியாதபோது கொஞ்சமாகப் பிழிந்துவிடுவது, இவைதான் எங்களால் செய்ய முடிந்தவை. வருகிறவர்களிடம், “ஒண்ணும் சொல்ல வேணாம், கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க, அவ பேசினா கேளுங்க, கொழந்தைக்குப் பேர் வச்சிருந்தா அந்தப் பேரைச் சொல்லுங்க” என்பேன். குழந்தையின் முகத்தைத் தாய் பார்க்க விரும்பினால் பார்க்க விட வேண்டும் என்று மட்டும் பிடிவாதமாக நிற்பேன். பார்த்தால் மனசு கெட்டுவிடும் என்று உறவுக்காரர்கள் தடுப்பார்கள். பார்க்காமல் போனவர்கள் வருஷக் கணக்கில் “எப்படி இருந்துச்சு சிஸ்டர், உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டு வந்ததால்தான் அந்தப் பிடிவாதம்.

இப்போது ஆஷாக்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது நான் அதிகம் பேசுவது மூன்றாம் நாள் வருகையைப் பற்றி. ஆஸ்பத்திரியில் பிரசவமானவர்கள் வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42 என்று ஆறு நாள் அவர்கள் போக வேண்டும். உஷ்ணம், எடை, தொப்புள்கொடி எல்லாம் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு மாமியாரை ஏதாவது எடுத்துவரச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, தாயிடம் தனியாக ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: “உன்கிட்ட யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?” அவள் சொல்ல ஆரம்பித்தால் பத்து நிமிஷம் ஆகும். எழுதும் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது, ஆனாலும் கேட்க வேண்டும். கேட்ட ஆஷாக்கள்தான் பால் நின்றுபோகும் வீடுகளையும் சோர்ந்து படுத்திருக்கும் தாய்மார்களையும் முன்கூட்டியே கண்டுபிடிக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் நாளில் தையலைப் பற்றிச் சொல்கிறோம், 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுக்கிறோம், ஆறாம் வாரத் தடுப்பூசித் தேதியை அட்டையில் எழுதுகிறோம். கூட ஐந்து நிமிஷம் நான் சேர்த்துக்கொண்டேன். புருஷனையும் அவன் அம்மாவையும் கட்டிலருகே நிற்க வைத்து மூன்று விஷயம் சொல்வேன். மூத்திரத் துணியை எண்ணும் பொறுப்பு பாட்டியுடையது. பால் போதுமா என்று யார் கேட்டாலும் அந்த எண்ணிக்கையைச் சொல்லி அவரே பதில் சொல்ல வேண்டும். பார்க்க வருகிறவர்கள் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் தாயைப் பார்த்துச் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கட்டும். பெண்ணா பிள்ளையா, கறுப்பா சிவப்பா என்பதெல்லாம் அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். யாராவது தப்பாகப் பேசினால் பதில் சொல்ல வேண்டியது புருஷன், படுத்திருக்கிறவள் இல்லை. “இன்னா சொல்லுவே, சொல்லிக் காட்டு பார்க்கலாம்” என்று அந்தப் பையனைக் கேட்பேன். முதலில் வெட்கப்படுவான், அம்மா முகத்தைப் பார்ப்பான். இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகு, “அத்தே, அவ நல்லாத்தான் பாத்துக்கறா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க” என்று வாய்விட்டுச் சொல்வான். அதைக் கேட்ட பிறகுதான், தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுபோய் விடும் தல்லி பிட்ட எக்ஸ்பிரஸ் வண்டியைக் கூப்பிட்டு அவர்களை ஏற்றிவிடுவேன்.